எனக்கும் சேர்த்து ஓர் உள்ளேன்

போன வாரம் புதுவாயலில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். என்னைக் கண்டதும் அவன் மகள் ஓடிப்போய் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"ஸ்கூல்லயும் இப்டித்தான் அண்ணி, வாயே தொறக்க மாட்டேங்குறா. மிஸ்ஸு பேஜாரு பண்ணிக்கினு இருக்காங்க" என்றாள் தம்பி மனைவி.

எட்டிப் பார்த்தேன். தூசி வாசனை. ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் நான் ஒளிந்தது நெல் மூட்டைகளுக்குப் பின்னால், அவ்வளவுதான் வித்தியாசம்.

வீட்டில் நான் மகா வாயாடி. ஆட்டைக்கூட நிற்கவைத்துத் திட்டுவேன். பள்ளிக்கூடத்திலோ வாயே திறக்க மாட்டேன். திமிர் இல்லை. பேசினால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களே என்ற கூச்சம், வேறென்ன!

வருகைப் பதிவில் எனக்கும் சேர்த்து "உள்ளேன் டீச்சர்" சொன்னவள் பக்கத்தில் உட்காரும் பாத்திமா. பழவேற்காட்டிலிருந்து வந்து கும்மிடிப்பூண்டி பஜாரில் துணிக்கடை வைத்திருந்தவரின் மகள். வகுப்பில் வெண்கலக் கடையில் யானை புகுந்த மாதிரி சத்தம். ஆனால் அவர்கள் கடைக்கு யாராவது வந்தால் அப்பா முதுகுக்குப் பின்னால் போய் ஊமையாகிவிடுவாள்.

"உனுக்கு ஸ்கூலு, எனுக்குக் கடை. உட்றீ" என்பாள்.

ஒருநாள் டீச்சர் என் அம்மாவை வரச்சொன்னார். "பொண்ணுக்குப் பேச்சு வராது போல. வேற ஸ்கூல்ல சேத்துடுங்க."

"இன்னா டீச்சர் சொல்றீங்க? ஊட்ல இவ வாய மூட முடியல!"

டீச்சர் நம்பவில்லை. முழுப்பரீட்சைக்குள் வாய் திறக்காவிட்டால் டி.சி. கொடுத்துவிடுவதாகச் சொன்னார். பாத்திமா இல்லாத பள்ளிக்கூடத்தை நினைத்து வீட்டில் ஓவென்று அழுதேன். வகுப்பில் அதற்கும் சத்தம் வரவில்லை.

நான் போவதற்குள் அவள் போய்விட்டாள். அவள் அப்பா திடீரென்று கடையைக் காலி செய்துகொண்டு குடும்பத்தோடு எங்கோ கிளம்பிவிட்டார். டீச்சருக்கு அது தெரியாது. மறுநாள் வழக்கம்போல் "பாத்திமா" என்று கூப்பிட்டார். பக்கத்து இடம் காலி. அவள் பெயர் அப்படிப் பதிலில்லாமல் நிற்பதை என்னால் தாங்க முடியவில்லை.

"உள்ளேன் டீச்சர்."

வகுப்பே திரும்பிப் பார்த்தது. டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அவ எங்கம்மா இருக்கா? நீதான இருக்க" என்றார் மெதுவாக. டி.சி. பேச்சு அதன்பின் எழவே இல்லை.

துணிக்கடை இருந்த இடத்தில் இப்போது கம்பெனி ஆட்கள் சாப்பிடும் மெஸ். பாத்திமா எந்த ஊரிலோ, தெரியாது. என் பெயரை யார் கூப்பிட்டாலும் இப்போது நானே பதில் சொல்கிறேன். எனக்கு முன்னால் முந்திக்கொண்டு சொல்லத்தான் ஆளில்லை.