தூது போனவளும் ஒரு பை பட்டைத் தூளும்

ஒரு விளக்குக் கம்பத்தில் கட்டப்பட்டு, நீச்சல் கண்ணாடி போட்டுக்கொண்டு, தலை முதல் கால்வரை பட்டைத் தூள் அப்பிய கோலத்தில் அக்கா சிரித்துக்கொண்டு நின்றாள். டென்மார்க் என்று யார் சொன்னாலும் எனக்கு முதலில் கண்முன் வருவது அதுதான். கூடப் பிறந்த அக்கா இல்லை. கோயம்புத்தூரில் என்னோடு ஒரே பொறியியல் வகுப்பில் படித்தவள். சில வருடம் வேலை பார்த்துவிட்டு மேற்படிப்புக்கு வந்தவள் என்பதால் எங்கள் எல்லோருக்கும் அவள் அக்கா. பரிமாற்ற மாணவிகளாக நாங்கள் இருவரும் ஒரே பருவத்தில் டென்மார்க்குக்குப் போனோம். எனக்கு ஓடென்ஸ நகரம் கிடைத்தது. அவளுக்கு ஜெர்மன் எல்லையை ஒட்டிய சின்ன ஊரான சொண்டர்போர்க்.

அக்டோபர் கடைசியில் நான் அவளைப் பார்க்கப் போனேன். வெறும் விருந்தாளியாகப் போகவில்லை, தூது போனேன். அதற்கு முந்தைய புதன்கிழமை ஈரோட்டிலிருந்து அக்காவின் அம்மா கூப்பிட்டிருந்தார். கோபிச்செட்டிபாளையத்தில் நல்ல இடம் ஒன்று அமைந்திருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் ஈரோட்டுக்கு வருகிறார்கள். நாலரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும் என்பதால், சரியாக மூன்று மணிக்கு வீடியோவில் பெண்ணைப் பார்ப்பார்கள். பிடித்துவிட்டால் தை மாதத்தில் கல்யாணம். ஊரிலிருந்து கிளம்பும்போது என் பெட்டியில் அவர் வைத்து அனுப்பிய மாம்பழ மஞ்சள் பட்டுப் புடவை எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. “நீதான் கண்ணு கூட இருந்து கட்டி விடோணும். அவ எதுவும் எடக்குப் பண்ணாம பாத்துக்கோணும்” என்றார். முழுசாகக் கேட்பதற்கு முன்பே சரி சொல்லிவிடும் ஜாதி நான். சரிங்க என்று சொல்லிவிட்டு, பெரிய பொறுப்பு கிடைத்த மிதப்பில் ரயில் ஏறினேன்.

ரயிலில் நாலு வாக்கியம் தயார் செய்தேன். பெற்றவர்களின் மனசு, காலாகாலத்தில், படிப்பு எங்கே போய்விடப் போகிறது, இந்த வகை. சனிக்கிழமை மதியம் அக்கா என்னை நேராகத் தன் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போனாள். கடல் நீரை ஒட்டிய கண்ணாடிக் கட்டடம். உள்ளே மேஜைமேல் அவள் செய்திருந்த இயந்திரக் கை நன்றாகக் கனிந்த தக்காளி ஒன்றைத் தூக்கி, ஒரு கீறல் விழாமல் என் உள்ளங்கையில் வைத்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். பிள்ளை முதல் அடி எடுத்து வைப்பதைப் பார்க்கிற முகம். பேராசிரியர் அவளை ஜூன் வரை தங்கி ஆய்வை முடிக்கச் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். வீட்டில் அவள் இன்னும் மூச்சு விடவில்லை.

“நீ தூதுதான வந்திருக்க?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். தயார் செய்த நாலு வாக்கியத்தையும் அந்தத் தக்காளியோடு மேஜையிலேயே வைத்துவிட்டேன். “நாளைக்கு அவங்க பேசறப்பச் சொல்லிடலாம்னுதான் இருக்கேன். ஆனா எங்கப்பா மொகத்தப் பாத்தா வாய் வராது” என்றாள்.

அன்று மாலை விடுதியின் பொதுச் சமையலறையில் அடுத்த வெடி வெடித்தது. ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு இருபத்தைந்து முடிகிறது. அது எப்படியோ விடுதி முழுக்கத் தெரிந்துவிட்டது. அங்கே எஸ்பியர்க்கைச் சேர்ந்த ஓர் அண்ணா இருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், ஆனால் அவர் பிறந்ததே டென்மார்க்கில். அவர்தான் எங்களுக்கு விளக்கினார். “இருபத்தஞ்சு வயசிலயும் கலியாணம் கட்டாட்டில் கனேல் எறிவினம். கறுவாத் தூள். கோவத்தில இல்லை, பாசத்திலதான். போன வருசம் எனக்கும் எறிஞ்சவை. ரெண்டு நாளா நான் போற இடமெல்லாம் பணிஸ் மணந்தது.” கறுவா என்றால் நம் பட்டை, பணிஸ் என்றால் பன். கல்யாணமாகாத இருபத்தைந்தை எங்கள் ஊரில் குரலைத் தாழ்த்திக்கொண்டு விசாரிப்பார்கள். இங்கே கொடி நட்டுக் கொண்டாடுகிறார்களே என்று அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கும் அந்த ஊரை அப்போதே பிடித்துப்போயிற்று.

கணக்குப் போட்டோம். இந்திய நேரம் மூன்று மணி என்றால் இங்கே பதினொன்றரை. பத்து மணிக்குப் பட்டை, பத்தரைக்குக் குளியல், பதினொன்றுக்குப் புடவை. கச்சிதம். மறுநாள் காலை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளும் நாள் என்று யாரோ சொன்னார்கள். கூடுதலாக ஒரு மணி நேரத் தூக்கம் என்று குதித்தோமே தவிர, ஈரோட்டுக் கடிகாரம் நமக்காகப் பின்னே போகாதே என்று இரண்டு பொறியாளர்களுக்கும் தோன்றவில்லை.

பத்து மணிக்கு வாசலில் கூடினார்கள். அவளைக் கம்பத்தில் கட்டி, முதலில் தண்ணீரை ஊற்றினார்கள், தூள் ஒட்ட வேண்டுமே. பிறகு அள்ளி அள்ளி வீசினார்கள். ஸ்பெயின்காரி ஒருத்தி கேக் மாவு சலிக்கும் சல்லடையோடு நாற்காலி மேல் ஏறி, உச்சந்தலையில் பொறுமையாகச் சலித்துக் கொட்டினாள். நான் அக்காவின் போனை வாங்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். சரியாகப் பத்தரைக்கு அது அதிர்ந்தது. ஈரோட்டில் அப்போது மணி மூன்று. படம் எடுக்கிற வேகத்தில் என் கட்டை விரல் பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டது.

திரையில் ஈரோட்டு வரவேற்பறை. சோபாவில் மாப்பிள்ளை, அவருடைய பெற்றோர். எதிரில் அக்காவின் அம்மா. பின்னால், பலகாரத் தட்டோடு நின்றபடி அப்பா. செம்மண்ணில் புரண்டு எழுந்தவள் மாதிரி ஒரு பெண் கம்பத்தில் கட்டுண்டு நிற்பதை ஐந்து பேரும் பார்த்தார்கள். அம்மா பதறி எழுந்தார். ஒன்றுமில்லைங்க, பட்டைத் தூள்தான், கல்யாணம் ஆகாததுக்குப் போடுவாங்க என்று நான் உளறினேன். அதைவிடச் சும்மா இருந்திருக்கலாம்.

நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி விடச் சொன்னாள் அக்கா. கண்ணைச் சுற்றி மட்டும் இரண்டு சுத்தமான வட்டங்கள். கை கட்டியிருந்தது நல்லதாகப் போயிற்று, இல்லையென்றால் போனைப் பிடுங்கி அணைத்திருப்பேன் என்று பிறகு சொன்னாள். போவதற்கு வழி இல்லாததால் பேசினாள். “எல்லாரும் இருக்கறப்பவே சொல்லிடறேன். எனக்கு ஜூன் வரைக்கும் இங்க வேலை இருக்குது. தையில கல்யாணம் வேண்டாம்ப்பா.”

பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லத்தான் வீட்டிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்த விடுதிக் கூட்டம், திரைக்குக் கையசைத்து டேனிஷ் மொழியில் பாட ஆரம்பித்தது. அந்தப் பாட்டு முடியும்வரை ஈரோட்டில் ஒருவரும் அசையவில்லை. பிறகு அப்பா தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போனுக்குப் பக்கத்தில் வந்தார்.

“கண்ணுல விழுந்துருச்சா சாமி?”

“இல்லப்பா. கண்ணாடி போட்டிருந்தேன்.”

“அப்பச் சரி. வேலைய முடிச்சுட்டு வா.”

அக்கா அழுதாள். பட்டைத் தூளில் இரண்டு கோடுகள் இறங்கின. அவ்வளவு சந்தோஷமான அழுகையை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. மாப்பிள்ளை வீட்டார் காபி குடித்துவிட்டு மரியாதையாகக் கிளம்பினார்களாம். அந்தப் பையனுக்கு அதே தை மாதத்தில் வேறு இடத்தில் திருமணம் நடந்தது. அம்மா மகளோடு ஒரு வாரம் பேசவில்லை. என்னோடு இரண்டு மாதம் பேசவில்லை. தூது போனவளுக்குத்தான் தண்டனை அதிகம்.

ஐந்து வருடம் ஓடிவிட்டது. எனக்குக் கல்யாணமாகிக் கோயம்புத்தூரிலேயே இருக்கிறேன். அக்கா படித்து முடித்து, டென்மார்க்கிலேயே கோல்டிங்கில் இயந்திரக் கைகள் செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். இன்னும் தனியாகத்தான் இருக்கிறாள், நிறைவாக இருக்கிறாள். இந்த அக்டோபரில் அவளுக்கு முப்பது. அம்மாவும் அப்பாவும் முதல் தடவையாக அவளிடம் போகிறார்கள். நேற்று அம்மா என்னைக் கூப்பிட்டார். பயணத்தைப் பற்றி ஆயிரம் சந்தேகம் கேட்டுவிட்டு, கடைசியில் தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார்.

“முப்பதுக்கு மெளகுத் தூளாமே கண்ணு? அந்த ஊரு மெளகுல காரமே இருக்காதுங்கறாங்க. கொல்லிமல மெளகு ஒரு கிலோ அரைச்சு வெச்சிருக்கறேன். ஏரோப்ளேன்ல விடுவாங்களா?”

விடுவார்கள் என்றேன். நீங்களே போடப் போகிறீர்களா அம்மா என்று கேட்டேன்.

“பின்னே? அஞ்சு வருசமா ஊருக்கெல்லாம் பதில் சொன்னது நானு. மொதப் பிடி நாந்தான் போடுவேன்.”