பாண்டன் இலை வாசம் அடித்த கார்

சில வருடங்களுக்கு முன் வியட்நாமில், சைகோனில் நடந்தது இது. ஊரின் பெயரை மாற்றி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனால் அங்கே இருப்பவர்கள் வாயில் இன்னும் சைகோன்தான். மிளகு ஏற்றுமதி செய்யும் ஓர் அலுவலகத்தில் எனக்கு வேலை. அலுவலகம் டிஸ்ட்ரிக்ட் 1, வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், நடுவில் ஒரு மோட்டார் பைக். அந்த ஊருக்கு அது தாராளம். ஆனால் மனைவிக்கு ஏழாம் மாதம் பிறந்ததும், இனி பைக்கில் பின்னால் உட்காரவே கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மழை பெய்தால் போன் ஆப்பில் ஒரு வாடகைக் காரும் கிடைக்காது. அது மழைக்காலம் வேறு. பிரசவம் வரைக்குமாவது பத்திரமாகப் போய்வர ஒரு பழைய கார் வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கூடவே என் புத்திசாலித்தனத்தையும் காட்டினேன்.

வியட்நாம்காரர்களுக்கு அவர்களுடைய ஏழாவது மாதம் பேய் மாதம். தெருவோரத்தில் காகிதம் கொளுத்துவார்கள், பசித்த ஆவிகளுக்குக் கஞ்சி வைப்பார்கள். வீடு, வண்டி எதுவும் வாங்க மாட்டார்கள். பழைய கார் கடைகளில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள், விலையும் இறங்கி வரும். நமக்கோ அப்போதுதான் ஆடி முடிந்து ஆவணி பிறந்திருந்தது. அவர்கள் வாங்காத நேரத்தில் நாம் புகுந்து வாங்குவதுதான் சாமர்த்தியம் என்று அலுவலகத்தில் எல்லோரிடமும் பெருமை பேசினேன். பேய்க்குப் பயந்து வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்கிறார்களே என்று சிரிக்கவும் செய்தேன். பழைய கார் விற்கிற கார்க்காரனிடமே சிரித்தேன். அவனும் கூடச் சிரித்தான்.

கார் பார்க்க லட்சணமாக இருந்தது. வெள்ளை நிறம், சீட்டுக்குப் புது உறை. கதவைத் திறந்ததும் பாண்டன் இலை வாசம். அந்த ஊர் டாக்சிகளில் சீட்டுக்கு அடியில் ஒரு கட்டு வைத்திருப்பார்கள். பாசுமதி அரிசி வேகிற மாதிரி மணக்கும். அதோடு ஒரு துணிப் பையில் காப்பிக்கொட்டை. எந்த வாசம் பட்டாலும் குமட்டிக்கொண்டிருந்த என் மனைவி முன் சீட்டில் உட்கார்ந்து, பல நாள் கழித்து ஆழமாக மூச்சு விட்டாள். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

வண்டியைச் சோதித்துச் சொல்ல ஒரு மெக்கானிக்கை வரச் சொல்லியிருந்தேன். அன்று வெள்ளிக்கிழமை. காரைக்குடியில் இருக்கும் மாமனார், நாள்காட்டி பார்த்து, பத்தேகாலுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும், பத்தரைக்கு ராகு காலம் என்று சொல்லியிருந்தார். அது இந்திய நேரமா, வியட்நாம் நேரமா என்று முதல் நாளே ஒரு பட்டிமன்றம் நடந்து, இருக்கிற ஊர்க் கடிகாரம்தான் கணக்கு என்று தீர்ப்பாகியிருந்தது. மெக்கானிக் மழையில் மாட்டிக்கொண்டார். பதினோரு மணிக்கு வந்துவிடுவேன் என்று போன் செய்தார்.

"என்னங்க, அவர் வந்து பாத்துடட்டுமே. இன்னொரு நாளைக்கு வாங்கிக்கலாம்" என்றாள் மனைவி.

"இன்னொரு நாள்னா விலை ஏத்திடுவான். மாமா நேரம் குறிச்சுக் குடுத்திருக்கார்ல?" என்றேன்.

நல்ல நேரம் தப்பாமல் பணம் கைமாறியது. மெக்கானிக்கைப் பாதி வழியிலேயே திருப்பி அனுப்பினேன். பேய் மாதத்தைப் பார்த்துச் சிரித்தவன்தான் ராகு காலத்துக்குப் பயந்து ஓடினான் என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. த்ருவோங் டின் தெருவில் இருக்கிற மாரியம்மன் கோயில் வாசலில் காரை எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி, பொட்டும் வைத்தோம்.

அதற்கப்புறம் அந்தக் கார் என்னைப் படுத்திய பாடு இருக்கிறதே! இண்டிகேட்டர் போட்டால் வைப்பர் ஆடும். நல்ல மழையில் ஜன்னல் தானாக இறங்கும், ஏறாது. ஹாரன் தன்பாட்டுக்கு அலறும். அந்த ஊரில் எல்லோருமே அலறவிடுவதால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல். பாண்டன் இலை காய்ந்ததும் வேறு ஒரு வாசம் கிளம்பியது. தண்ணீர் மாற்றாத பூச்சாடி வாசம். என் சாக்ஸ் என்றாள் அவள். நீ வாங்கிவைத்த டுரியன் பழம் என்றேன் நான். சாம்பிராணி போட்டேன். கார் முழுக்கப் புகை மண்டியதுதான் மிச்சம். கார்க்காரனுக்குப் போன் செய்தால், மழைக்காலத்தில் எல்லாக் காரும் அப்படித்தான் என்று தேன் ஒழுகப் பேசுவான்.

அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. கோயிலுக்குள் போய்விட்டு வெளியே வந்தோம். ஒரு வியட்நாம் பெண்மணி எங்கள் காரின் முன் கண்ணாடியில் முகத்தை வைத்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். சற்று முன்தான் அவர் கோயிலின் பின்சுவரில் நெற்றியை வைத்து வேண்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அந்த ஊர் மக்கள் நம் அம்மனிடம் அப்படித்தான் பேசுவார்கள். வண்டி நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியிருந்தேன். பின்னால் பைக்குகள் சேர்ந்துவிட்டன. எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

அவர் என்னை விட்டுவிட்டு என் மனைவியிடம் கேட்டார்: "எம், உன் சீட்டுக்கு மேல வெயிலுக்கு மடக்குற பலகையில ஒரு டைனோசர் ஸ்டிக்கர் இருக்கா? வால் கிழிஞ்சிருக்குமே?" எம் என்றால் தங்கச்சி. என் மனைவி என்னைப் பார்த்தாள். அந்த ஸ்டிக்கரைத் தினமும் பார்ப்பவள் அவள்தான்.

அது அவர் மகன் ஒட்டியதாம். கார் அவருடையதாம். நடு வியட்நாமில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தபோது வெள்ளம் வந்து, அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தளத்தில் கூரை வரை தண்ணீரில் கிடந்ததாம். இது இனி தேறாது, டோட்டல் லாஸ் என்று சொல்லி இன்சூரன்ஸ்காரர்கள் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். "இதுல இனிமே ஆள் உக்காரக் கூடாதுன்னு அந்த இன்சூரன்ஸ் ஆளே சொன்னாரு" என்றார்.

நான் நம்பவில்லை. நம்ப விருப்பமில்லை என்பதுதான் உண்மை. எல்லாப் பிள்ளைகளும்தான் டைனோசர் ஒட்டுகின்றன என்று ஏதோ சொல்லிவிட்டு மனைவியை ஏறச் சொன்னேன். அந்தப் பெண்மணி முன் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார். நகரவில்லை. பின்னால் ஹாரன், ஒரு போலீஸ்காரரின் விசில், அதற்கு நடுவே அந்நிய நாட்டில் நடுத்தெருவில் நான் குரலை உயர்த்தினேன். அவர் என்னை ஏறெடுத்தும் பார்க்காமல், அந்தப் பக்கம் வந்த ஒரு டாக்சியைக் கை காட்டி நிறுத்தினார்.

"நான் இதுலயே போறேன். நீங்க உங்க காரை ஓட்டிட்டு வாங்க" என்று சொல்லி என் மனைவி டாக்சியில் ஏறினாள்.

'உங்க காரை' என்றாளே, அது சுருக்கென்று தைத்தது. வீராப்பில் காரை நேராக, அன்று திருப்பி அனுப்பிய அதே மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். ஒன்றுமில்லை என்று அவர் வாயால் சொல்ல வைத்து, வீட்டில் போய் ஜெயிக்க வேண்டும் என்று எண்ணம். அவர் முதலில் காலடி விரிப்பைத் தூக்கினார். உள்ளே சேறு காய்ந்து வெடித்துக் கிடந்தது. அப்புறம் கியருக்குக் கீழே திறந்து ஒரு பெட்டியைக் காட்டினார். மோதினால் ஏர்பேக்கை விரியச் சொல்லுகிற பெட்டி அது. துருவேறி உப்பிப் போயிருந்தது. பழுது என்று காட்டும் விளக்கு எரியக் கூடாதென்று அதன் வயரை வெட்டி, கச்சிதமாக டேப் சுற்றியிருந்தார்கள்.

அதுவரை இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த முன் சீட்டில் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்ததுதான் கண்ணுக்குள் நின்றது. பாலத்தின் மேல் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எத்தனை தடவை போயிருப்போம்!

கார்க்காரனுக்குப் போன் செய்தேன். அவன் பதறவே இல்லை. "அன், நீங்கதான பேய் மாசத்துல வாங்குனீங்க? எங்க ஆளுங்க வாங்க மாட்டாங்கன்னு சிரிச்சீங்களே?" என்றான். அன் என்றால் அண்ணன். என்ன மரியாதை பாருங்கள்! கத்தித் தீர்த்தேன். கடைசியில் பாதி விலைக்கு அவனே எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். பேய் மாதம் முடிந்துவிட்டதால் சீக்கிரம் விலைபோய்விடுமாம்.

போன பணத்தில் பாதியாவது வருகிறதே என்று வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கி என்ன செய்வான்?"

"விப்பான்."

"அப்ப அந்த சீட்டுல இன்னொருத்தி வந்து உக்காருவா. வேணாங்க."

எனக்கு ஆற்றாமையாக இருந்தது. ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். மறுநாள் மெக்கானிக்கிடம் போய், காரை மறுபடி ஓட முடியாதபடி பிரித்துப் போடச் சொன்னேன். பழைய இரும்பு விலைதான் தேறியது.

எங்கள் மகள் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தது டாக்சியில்தான். கதவைத் திறந்ததும் அதே பாண்டன் இலை வாசம். நான் குனிந்து காலடி விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். ஏதாவது விழுந்துவிட்டதா என்று டிரைவர் கேட்டார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு என் மனைவி சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

அந்தப் பெண்மணியை அதன்பிறகு பார்க்கவில்லை. பெயர்கூடக் கேட்கவில்லை, அன்று நான் அவரிடம் கத்தியதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது. வழியை மறித்து நிற்பவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரத்தான் செய்கிறது. ஆனால் இப்போதெல்லாம் ஹாரனில் கை வைப்பதற்கு முன் இறங்கிப் போய், என்னம்மா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன்.