மாப்பிள்ளைக்கு அடிச்சாம்பல்

பயப்படுவதில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே நல்ல தேர்ச்சி. பஸ் நிற்பதற்கு முன்பே துண்டு போட்டு இடம் பிடிப்பவர்களைப் போல, ஆபத்து வருவதற்கு முன்பே பயந்து வைத்துவிடுவேன். இப்போது நாற்பத்தெட்டு வயதாகிறது. ரொட்டியில் பச்சையாக ஒரு புள்ளி தெரிந்தால் போதும். ரொட்டியை எறிவேன், அது இருந்த தட்டை வெந்நீரில் போடுவேன், தட்டு இருந்த அலமாரியைத் துடைப்பேன். "அடுத்து என்னையும் தூக்கி வெந்நியில போடுங்க" என்பாள் மனைவி. அவளுக்கென்ன தெரியும், பூஞ்சையோடு எனக்கு நாலாம் வகுப்பிலிருந்தே பகை.

அந்த வருஷம் ஆனி மாதம் அம்மா வீட்டில் இல்லை. மதுரையில் பெரியம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறாள் என்று அத்தா சொன்னார். அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம். அத்தா விடிவதற்குள் திராட்சைத் தோட்டத்துக்குப் போய்விடுவார். வாரத்தில் இரண்டு நாள் தேனி மார்க்கெட் என்று சொல்லிப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். நான் வீட்டுச் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வந்தேன். தெருவில் பார்ப்பவர்களெல்லாம் "அம்மாட்ட இருந்து தாக்கல் வந்துச்சா?" என்று கேட்டுவிட்டு, உச்சுக்கொட்டி, கையில் ஏதாவது தின்னக் கொடுத்தார்கள். பெரியம்மா மேல் எங்கள் கம்பம் ஊர்க்காரர்களுக்கு இவ்வளவு பாசமா என்று எனக்கு ஆச்சரியம். முறுக்கு நிறையக் கிடைத்தது. பேசத்தான் ஆள் கிடைக்கவில்லை. சாயங்காலம் கதவைத் திறந்து உள்ளே போனதும் "நான் வந்துட்டேன்" என்று சத்தமாகச் சொல்வேன். சுவர்க்கடிகாரம் ஒன்றுதான் பதில் சொல்லும், அதுவும் எப்போதும் ஒரே பதில்.

அப்போதுதான் மாமா முயலைக் கொண்டுவந்தார். அம்மாவின் தம்பி. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பின் டிரைவர். குமுளி மலை ஏறி இறங்குகிறவர் என்பதால் உலகத்தில் அவருக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. ஏலக்காய் வாசம் அடிக்கும் அட்டைப்பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே தும்பைப் பூ நிறத்தில் ஒன்று, யார் வீட்டு விசேஷத்துக்கோ வந்து உட்கார்ந்தது மாதிரி உட்கார்ந்திருந்தது.

"இந்தா, மாப்பிள்ளை வந்திருக்காக. ஒனக்குத் தொணைக்கு" என்றார்.

அதுவே பெயராகிவிட்டது. பொருத்தமும் இருந்தது. வேளாவேளைக்குக் கீரை வரும், உட்கார்ந்து தின்னும், எழுந்து போய்விடும். மற்றதெல்லாம் பெண் வீட்டார் பாடு.

மாமா அத்தோடு நிற்கவில்லை. "குமுளியில ஒரு டாக்டர் வீட்டுல பாத்தேன்டா. மொயலு ஒரு மூலையில போயி இருந்துச்சுன்னா, தெனமும் அங்கனதான் போகும். அந்த எடத்துல ஒரு பெட்டிய வச்சுட்டா சோலி முடிஞ்சுச்சு. மனுசனுக்கே வராத புத்தி" என்றார். தோட்டத்தில் கிடந்த பழப்பெட்டி ஒன்றை எடுத்து, ஓரத்தை அறுத்துத் தாழ்த்தி, மரத்தூள் பரப்பிப் பின்கட்டு மூலையில் வைத்தார். எங்கள் தெருவில் பாதி வீட்டில் கக்கூஸ் கிடையாது. முயலுக்குத் தனியாக ஒன்று கட்டிய முதல் வீடு எங்களுடையதுதான்.

அத்தா வந்து வாசலில் நின்று முயலை வெகுநேரம் பார்த்தார்.

"முடி கொட்டுமா?" என்று மாமாவிடம் கேட்டார்.

"கொஞ்சம் கொட்டும் மச்சான்."

"பூஞ்சை பிடிக்குமா அந்தப் பெட்டி?"

"கழுவுனா எப்பிடிப் பிடிக்கும்?"

அத்தா என் பக்கம் திரும்பினார். "ஏலே, இங்கன ஒரு புள்ளி பூஞ்சை பாத்தேன், அன்னைக்கே இது போயிரும். சொல்லிட்டேன்."

எங்கே போகும் என்று அவர் சொல்லவில்லை. எங்கள் தெருமுனையில் ஒரு பிரியாணிக் கடை இருந்தது. மீதியை என் பயமே சொல்லிவிட்டது.

முதல் பத்து நாள் ஒழுங்காகக் கழுவினேன். பிறகு சாரல் பிடித்தது. மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டினால் இந்தப் பக்கம் பள்ளத்தாக்கு முழுக்கப் பூந்தூறல்தான். நின்று பெய்யாது, நின்றும் போகாது. துணி காயாது, தீப்பெட்டி நமத்துப் போகும். கழுவிய பெட்டியை ஈரத்தோடு வைத்து மேலே மரத்தூளைப் போட்டேன். அப்புறம் இரண்டு நாள் கழுவவே இல்லை. மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, மத்தியானமே பள்ளி விட்டது. வந்து தூளைக் கிளறினால், பெட்டியின் உள்மூலையில் வெள்ளையாகப் பஞ்சு பூத்திருந்தது. நடுவில் இரண்டு பச்சைப் புள்ளி.

பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். பிறகு உற்றுப் பார்த்தேன். இந்த வெள்ளையை எனக்குத் தெரியும். திராட்சை இலையைத் திருப்பினால் அடியில் இதே மாதிரிப் பூத்திருக்கும். அடிச்சாம்பல். எங்கள் ஊரில் நடக்கப் பழகும் பிள்ளைக்கும் அந்த நோயின் பெயர் தெரியும், அதற்கு மருந்தும் தெரியும். மயில்துத்தமும் சுண்ணாம்பும். கொடிக்குக் கேட்கிற மருந்து பெட்டிக்குக் கேட்காதா?

எழுந்து நின்றபோது நான் விவசாயி மகன்.

பின்கட்டில் அத்தா வைத்திருந்த துத்தத்தில் ஒரு கை அள்ளித் தண்ணீரில் கரைத்தேன். இன்னொரு வாளியில் சுண்ணாம்பு. இரண்டையும் ஒன்றாக ஊற்றியதும் வானம் மாதிரி ஒரு நீலம். அத்தா எப்போதும் அரிவாள் நுனியை அதில் முக்கிப் பார்ப்பார். இரும்பில் செம்பு நிறம் ஏறினால் துத்தம் அதிகம், கொடி கருகிவிடும், இன்னும் சுண்ணாம்பு வேண்டும் என்று அர்த்தம். நான் அம்மாவின் காய்கறிக் கத்தியை முக்கினேன். செக்கச்செவேலென்று வந்தது. இன்னும் சுண்ணாம்பு போட்டேன். மறுபடி முக்கினேன். கத்தி கத்தியாகவே வந்தது. இத்தனை நுணுக்கத்தையும் கவனித்தேன். முயல் என்பது கொடி இல்லை என்ற ஒன்றை மட்டும் கவனிக்கவில்லை.

பெட்டி முழுக்கப் பூசினேன். பஞ்சு மறைந்தது. மாப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை, நேரே ஈரப் பெட்டிக்குள் தாவி, தன் மூலையில் உட்கார்ந்து, வேலையை முடித்துக்கொண்டு வெளியே வந்தது. நாலு காலும் நீலம். வயிற்றடியில் நீலம். தரையில் நீலநீலமாகப் பாதம் பதித்து நடந்துபோய், ஓரிடத்தில் அமர்ந்து, முன்னங்காலைத் தூக்கி நக்கத் தொடங்கியது.

துத்தத்தைத் தொட்ட கையை வாயில் வைக்கக் கூடாது என்று அத்தா அடித்துச் சொல்லியிருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

பள்ளிக்கூடப் பையில் இருந்த புத்தகங்களைக் கொட்டிவிட்டு மாப்பிள்ளையை உள்ளே போட்டேன். சாரலில் ஓடினேன். மாட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடத் தோன்றவில்லை. பயிருக்கு ஒன்றென்றால் எங்கே ஓடுவார்களோ அங்கே ஓடினேன், பஜாரில் இருந்த உரக்கடைக்கு.

"அண்ணே, அடிச்சாம்பலு" என்றேன் மூச்சு வாங்க.

கடைக்காரர் நிமிராமலே கேட்டார். "எத்தன ஏக்கரு?"

"ஒரு பெட்டிண்ணே."

"பறிச்ச பெறகா? பறிச்ச பழத்துக்கு எவன்டா மருந்தடிச்சான்?"

"பழம் இல்லண்ணே, மொயலு" என்று பையைத் திறந்தேன். நீலக் கால் ஒன்று வெளியே வந்தது. உரம் வாங்க வந்து நின்ற இரண்டு சம்சாரிகள் எட்டிப் பார்த்துவிட்டு, பிடித்துக்கொள்ள மூட்டையைத் தேடினார்கள், அப்படி ஒரு சிரிப்பு.

"ஏலே, மொயலுக்கு மருந்தடிச்சவன் இந்தச் சீமையிலேயே நீ ஒருத்தன்தான்டா!"

கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "நக்குச்சா?"

"ஏழு தடவ."

"எண்ணிக்கிட்டா இருந்த?"

"ஆமாண்ணே."

அவர் முயலைத் தூக்கிக்கொண்டு போய்க் குழாயடியில் நாலு காலையும் கழுவி, வயிற்றைத் துடைத்து, தோள் துண்டால் சுற்றி ஈரம் போக ஒற்றினார். "செத்துருமாண்ணே?" என்று கேட்டேன். "எனக்கு வெதையும் ஒரமுந்தான்டா தெரியும். பொழுது சாயிறதுக்குள்ள எல தின்னுச்சுன்னா பொழச்சுச்சுன்னு வச்சுக்க. திங்கலைன்னா மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடு" என்றார். பிறகு சொன்னார்: "பூஞ்சைக்கு மருந்து தேடாத. ஈரத்தத் தேடு. கொதிக்கிற தண்ணிய ஊத்தி, நாரப் போட்டுத் தேயி. எலுமிச்சம்பழத்த அறுத்து மூலைமூலையாத் தேயி. எலும்பு மாதிரிக் காயட்டும். அது காயிற வரைக்கும் மாத்திப் போட இன்னொரு பெட்டி வச்சுக்க. மரத்தூளு வேணாம், ஈரத்தக் குடிச்சு வச்சுக்கிரும். பேப்பரப் போட்டு மேல வைக்கலப் போடு. தெனம் அள்ளிரு. அந்த நீலப் பெட்டிய எரிச்சிரு."

கிளம்பும்போது, "ஒங்கத்தா மதுரையில இருந்து வந்ததும் மறைக்காமச் சொல்லிரு" என்றார்.

"அத்தா தேனிக்குல்ல போயிருக்காக, மார்க்கெட்டுக்கு."

அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். சிரித்துக்கொண்டிருந்த சம்சாரிகளும் நிறுத்திவிட்டார்கள். "ஆமாமா, தேனிதான். எனக்குத்தான் மறந்துபோச்சு" என்றார். மறதிக்காரர், நல்ல துண்டையும் என்னிடமே விட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்து அதன் முன்னால் அகத்திக்கீரையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தின்னவில்லை. இது பிழைத்தால் வருகிற நோன்பு முப்பதும் பிடிக்கிறேன் என்று அல்லாவிடம் சொன்னேன். அதுவரை பாதி நாளில் நோன்பை விட்டுவிட்டு, தின்ற வாசம் தெரியாமல் அத்தர் பூசி ஏமாற்றிக்கொண்டிருந்தவன் நான். அப்போதும் தின்னவில்லை. சுவர்க்கடிகாரம் மட்டும் சத்தம் போட்டது. இதுவும் போய்விட்டால் நாளை சாயங்காலம் கதவைத் திறந்து யாரிடம் "வந்துட்டேன்" என்று சொல்வது என்று நினைத்தபோதுதான் அழுகை வந்தது. வெளிச்சம் மங்கும் நேரத்தில் மாப்பிள்ளை ஒரு இலையை இழுத்தது. வாய் அசைந்தது. முப்பது என்று சொன்னது அவசரத்தில் சொன்னது, பதினைந்தாக வைத்துக்கொள்ளலாமா என்று உடனே கேட்டுப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நான் வேறு ஆள். இரண்டு பெட்டி வைத்தேன். வெயில் இல்லாத நாளில் கழுவிய பெட்டியை அடுப்புப் பக்கத்தில் சாய்த்துக் காயவைத்தேன். எலுமிச்சம்பழம் தேய்த்துத் தேய்த்து என் கை ஊறுகாய் மாதிரி ஆனது. தினம் சாயங்காலம் அத்தா வந்து குனிந்து, மூலையில் விரலை ஓட்டி, விரலை முகர்ந்து பார்ப்பார். "ம்" என்பார். அநேகமாக அதுதான் அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்குள் நடந்த முழுப் பேச்சு. அந்த "ம்" வந்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும்.

ஆவணி பிறந்ததும் அத்தா வீடு முழுக்கச் சுண்ணாம்பு அடித்தார். பழைய பஞ்சுத் தலையணைகளைக் கொல்லையில் போட்டு எரித்தார். பெருநாள் வருகிறதா என்று கேட்டேன். அவர் எரியும் பஞ்சைக் குச்சியால் கிளறிவிட்டார். அன்று பெட்டியை வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார். நாலு மூலையும் தடவினார். ஒன்றும் இல்லை. "ம்" என்று சொல்லவும் இல்லை.

மறுநாள் காலை மாமாவின் ஜீப் வந்தது. அத்தா மாப்பிள்ளையைத் தூக்கி அதே மாதிரி ஒரு அட்டைப்பெட்டிக்குள் வைத்தார்.

"பூஞ்சை இல்லையே அத்தா! நீங்கதான பாத்தீக!" என்று கத்தினேன்.

"இல்லடா. நல்லாத்தான் வச்சிருந்த."

"பின்ன எதுக்கு?"

மாமா ஜீப்பைக் கிளப்பிக்கொண்டே வேறெங்கோ பார்த்தார். "நல்ல வீட்டுலதான்டா விடப் போறேன்" என்றார். அத்தா என் தலையில் கை வைத்தார். தட்டிவிட்டேன். சுத்தமாக வைத்திருந்தால் இருக்கும் என்றார்கள். வைத்திருந்தேன். அப்படியும் போய்விட்டது. பயந்தது நடந்துவிட்டால் கொஞ்சம் நிம்மதி வரும் என்பார்கள், எனக்கு வரவில்லை.

மதுரையில் அம்மா இருந்தது பெரியம்மா வீட்டில் இல்லை, ஆஸ்பத்திரியில் என்பதும், மூச்சு இழுப்பு முற்றி ஒரு கட்டத்தில் அத்தாவைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள் என்பதும், வீட்டில் பூஞ்சையோ பஞ்சோ, விலங்கு முடியோ ஒரு இழைகூட இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார் என்பதும் எனக்குத் தெரிந்தபோது எனக்கு மீசை வந்துவிட்டது. அன்றைக்குத் தெரியாது.

அன்று மத்தியானம் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. அம்மா இறங்கினாள். பாதி ஆளாக இருந்தாள். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டினாள். நான் ஒரு அடி வைத்ததும் அத்தா குறுக்கே வந்தார். "மொதல்ல குளி. அந்தச் சட்டையக் கழட்டி வெளிய போடு."

காலையில் மாப்பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்த சட்டை. அதன் வெள்ளை முடி பொத்தான் வரிசை முழுக்க ஒட்டியிருந்தது. எனக்கு மிச்சம் அதுதான். கழற்ற மாட்டேன் என்று கொல்லைக்கு ஓடிப்போய்க் கிணற்றடியில் உட்கார்ந்தேன். அத்தா பின்னாலேயே வந்தார். உள்ளிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "விடுங்க. அவனா வருவான்."

கொஞ்ச நேரம் கழித்து அம்மா கொல்லை வாசல்வரை வந்தாள். முக்காட்டின் ஓரத்தால் மூக்கையும் வாயையும் பொத்தியிருந்தாள். "வாடா, குளிச்சுட்டு எங்கிட்ட வாடா" என்றாள். நான் திரும்பவில்லை. கல்லைத் தூக்கிக் கிணற்றில் போட்டேன். அவள் அந்த வாசற்படியைத் தாண்டவே இல்லை. வெயில் கீழே இறங்கும்வரை நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

இத்தனை நாள் கழித்து வந்தவள் பத்தடி நடந்து வர மாட்டேன் என்கிறாளே, என் மேல் அப்படி என்ன கோபம் என்று சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தேன்.