தொலைபேசிப் புத்தகத்தில் ஒரேயொரு கிரேயன்விங்கல்

டென்மார்க்கில் பிரெடெரிசியா ரயில் நிலையம். விபோர்க் போகும் ரயில் தாமதம். பக்கத்தில் இருக்கும் முதியவரின் பெட்டியில் 'கிரேயன்விங்கல்' என்று எழுதியிருக்கிறது. டேனிஷ் பெயராகத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த டேனிஷில் கேட்கிறேன்.

"ஜெர்மன் பேர். காக்கை மூலை எண்டு அர்த்தம், அங்கை ஒரு ஊர். பாட்டன் செங்கல் சூளை வேலைக்கு வந்தவர். இப்ப தொலைபேசிப் புத்தகத்திலை நான் ஒராள்தான். பிள்ளையள் இல்லை, என்னோடை முடியுது. உங்கடை குடும்பப் பேர்?"

"எங்களுக்கு அப்பிடி இல்லை. என்ரை பேர்தான் மகனுக்கு முன்னாலை வரும்."

"மகன் எங்கை?"

"யாழ்ப்பாணத்திலை, தாயோடை. இஞ்சை கூப்பிட விண்ணப்பம் போட்டு இரண்டு வருசம். பதில் இல்லை."

மகனின் பெயரைக் கேட்கிறார். முகுந்தன் என்கிறேன். இரண்டு தரம் பிழையாகச் சொல்லி, மூன்றாம் தரம் சரியாகச் சொல்கிறார். இந்த நாட்டில் இன்னொருவர் வாயால் அந்தப் பெயரை இன்றுதான் கேட்கிறேன்.