துண்டை அவிழ்க்கச் சொன்ன அரண்மனை

போன வருடம் ஆனி மாதம் நடந்தது இது. எங்கள் ஊர் குலசேகரத்துக்குப் பக்கம். மழை விடாமல் பெய்து, ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டு நின்றுபோயிருந்தது. வெட்டு இல்லாத நாட்களில் என்னைப் போன்ற வெட்டுக்காரனுக்கு, கூரையில் எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். அதைவிடப் பெரிய குறை என் கூச்சம். கடையில் மிளகாய்ப்பொடி கேட்டு, கடைக்காரர் மறதியாக மல்லிப்பொடியைத் தந்தாலும், ஒன்றும் சொல்லாமல் அதையே வாங்கி வந்துவிடுவேன். என் மனைவி இதற்கு நேர் எதிர். எங்கள் தெருப் பெண்கள் நடத்தும் சுய உதவிக் குழுவுக்கு அவள்தான் தலைவி. வருடத்துக்கு ஒரு தடவை குழுவில் உள்ள குடும்பங்கள் எல்லாம் வேன் பிடித்து எங்காவது போய் வருவோம்.

அந்த வருடம் எங்கே போவது என்ற பேச்சு வந்தபோது, எல்லோருடைய கைப்பேசியிலும் ஒரே படம்தான் ஓடிக்கொண்டிருந்தது. திருவனந்தபுரம் சாலையில், எங்கள் ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவில், ராஜா காலத்தைப் போலவே ஒரு பொழுதுபோக்கு இடம் புதிதாகத் திறந்திருந்தார்கள். சிமென்டில் கட்டிய அரண்மனை, பீரங்கி, குதிரை வண்டி. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பல்லக்கு. படத்தில் ஒரு குடும்பம் கிரீடம் வைத்துக்கொண்டு அந்தப் பல்லக்கில் உட்கார்ந்து கை காட்டிக்கொண்டு போனது. முத்துக்குடை, கொம்பு, மேளம் எல்லாம் கூடவே போயின.

என் மனைவி அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்தாள் என்று எனக்குத் தெரியாது. எங்கள் கல்யாணத்தன்று அவளை அழைத்துவர ஏற்பாடு செய்த கார், ஊருக்குள் நுழைகிற இடத்தில் சேற்றில் சிக்கிக்கொண்டது. பட்டுச்சேலையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்தபடி, கொட்டும் மழையில் அவள் என் வீட்டுக்கு நடந்துதான் வந்தாள். இன்றைக்கும் சண்டை வந்தால் அந்தச் சேறு வெளியே வரும். ஆகவே பல்லக்கு என்றதும் அவள் கண்ணில் என்ன தெரிந்தது என்று எனக்கு நன்றாகப் புரிந்தது.

குழுக் கூட்டம் எங்கள் வீட்டு முன்னறையில்தான் நடந்தது. "தக்கலைப் பக்கம் நெசமான அரமனையே கெடக்கு. அத விட்டுட்டு சிமென்ட் அரமனைக்கு என்னத்துக்கு போவணும்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அங்க எதையாவது தொட விடுவானா? கட்டிலத் தொடாத, கதவத் தொடாதம்பான். இஞ்ச பல்லக்குல ஏறியே இருக்கலாம்" என்றாள் என் மனைவி.

எதிர்வீட்டுக்காரி முந்திரி ஆலையில் வேலை செய்கிறவள். நாள் முழுக்கக் குனிந்திருந்தே முதுகு கெட்டுப் போனவள். அவள் சும்மா ஒரு கேள்வி கேட்டாள். "எல்லாரும் பல்லக்குல இருந்தா, தூக்குதது ஆரு?"

"அதுக்கு அவனுவ ஆளு வச்சிருப்பானுவ. நீ ஏறி இருந்து குடுத்தா போரும்."

எல்லோரும் சிரித்தார்கள். எதிர்வீட்டுக்காரியும் முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பெண்களையும் பிள்ளைகளையும் கூட்டிப் போவதற்கு முன்னால் இரண்டு ஆண்கள் போய் இடத்தைப் பார்த்து வருவது எங்கள் வழக்கம். கழிவறை எப்படி, வேன் எங்கே நிறுத்தலாம், கட்டிக்கொண்டு போகும் மரச்சீனிக் கிழங்கையும் மீன் கறியையும் எங்கே வைத்துச் சாப்பிடலாம், இதையெல்லாம் விசாரிக்க வேண்டும். வேன் ஓட்டுகிற தம்பி ஒருவர். இன்னொருவர் யார் என்ற பேச்சு வந்தபோது, வெட்டு இல்லாமல் சும்மா இருக்கிறவன் என்று என்னைச் சொல்லிவிட்டார்கள். டிரைவர் தம்பி ஞாயிறு தவறாமல் கிறிஸ்தவ சபைக்குப் போகிறவர், வாய் ஓயாத ஆள்; பேச்சுக்கு அவர், துணைக்கு நான் என்று வைத்துக்கொண்டோம்.

நாங்கள் போய் இறங்கியபோது சாரல் விழுந்துகொண்டிருந்தது. நான் வேட்டியும் சட்டையும் உடுத்து, மழைக்குத் தோர்த்துத் துண்டைத் தலையில் கட்டியிருந்தேன். குழுவாக வருகிறவர்களுக்குக் குறைந்த கட்டணம் உண்டு, மேலாளரிடம் பேசலாம், அதற்கு முன்னால் அடுத்த ஊர்வலத்தைப் பாருங்கள் என்று சீட்டுக் கொடுக்கும் பெண் மரியாதையாகச் சொன்னாள். இடமும் நன்றாகத்தான் இருந்தது. கழிவறைகூட எங்கள் வீட்டைவிடச் சுத்தம். மனைவியிடம் சொல்வதற்காக ஒவ்வொன்றையும் மனதில் வைத்துக்கொண்டே நடந்தேன்.

கொம்பு ஊதியது. பல்லக்கு வந்தது. படத்தில் பார்த்ததைவிட அழகு. கிரீடம் வைத்த குண்டு மனிதர் ஒருவரும் அவர் குடும்பமும் அதில் இருந்தார்கள். அதைத் தூக்கி வந்தவர்களைப் பார்த்தபோதுதான் எனக்கு ஏதோ போல இருந்தது. அவர்கள் அங்கே வேலை செய்கிறவர்கள் இல்லை. எங்களைப் போலக் குழுவாக வந்தவர்கள். மேலுக்குச் சட்டை இல்லாமல், துண்டை இடுப்பில் கட்டவைத்து, அவர்கள் தோளில் பல்லக்குத் தண்டை ஏற்றியிருந்தார்கள். வழியில் நின்ற மற்ற ஆண்கள் கையால் வாயைப் பொத்திக் குனிந்து நிற்க வேண்டுமாம். பெண்கள் சிலருக்குத் தோலின் நிறத்திலேயே ஓர் உள்சட்டை கொடுத்து, அக்குளுக்குக் கீழே ஒரு துணியைச் சுற்றிவிட்டிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் தோளிலும் மேலேயும் ஒன்றுமே இல்லாதது போலத் தெரியும். அவர்கள் விசிறி வீசிக்கொண்டு பின்னால் வந்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். படம் எடுத்தார்கள்.

எனக்குப் பக்கத்தில் நின்ற டிரைவர் தம்பி, எடுத்த கைப்பேசியைத் திரும்பச் சட்டைப்பைக்குள் போட்டார்.

அப்போது சேவகன் வேடத்தில் ஒலிபெருக்கியோடு வந்த ஒரு பையன், "மகாராஜா எழுந்தருளுகிறார். தலையில் துண்டு கட்டியவர்கள் அவிழ்த்து இடுப்பில் கட்டவும்" என்று சொன்னான். நான் வேறு யாரையோ சொல்கிறான் என்று நினைத்தேன். அவன் என்னைப் பார்த்துக் கை நீட்டினான். "அண்ணாச்சி, உங்களத்தான்."

கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஒருவர் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்கிற எனக்கு, அத்தனை முகங்களும் அத்தனை கைப்பேசிகளும் ஒன்றாகத் திரும்பியபோது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். என் கை தானாக மேலே போனது. துண்டின் முடிச்சை அவிழ்த்தும் விட்டது.

நாங்கள் ஐயாவழிக்காரர்கள்; அந்த ராஜா காலத்தில் எங்கள் மக்களைத் தலைநிமிரச் சொன்ன ஐயாவைக் கும்பிடுகிறவர்கள். பதி, தாங்கல் என்று நாங்கள் சொல்லும் எங்கள் கோயில்களில் ஆண்கள் தலைப்பாகை கட்டித்தான் கும்பிடப் போவோம். ஏன் கட்டுகிறோம் என்பது எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். தலையில் துணி கட்டக் கூடாது, சாதியில் பெரியவர்கள் வந்தால் அதை அவிழ்த்து இடுப்பில் கட்டிக் குனிந்து நிற்க வேண்டும் என்று எங்கள் முன்னோரை வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. தலையில் கட்டு, உன்னைவிடப் பெரியவன் எவனும் இல்லை என்று ஐயா சொன்ன பிறகு கட்டியது இது. அடி வாங்கிக்கொண்டு கட்டியது. அதை மறுபடி அவிழ்க்கச் சீட்டு வாங்க வேண்டுமா?

பாதி அவிழ்ந்த துண்டோடு ஒரு நிமிடம் நின்றேன். பிறகு அதை முன்பைவிட இறுக்கிக் கட்டினேன். பல்லக்கு என்னைத் தாண்டிப் போனது. கிரீடம் வைத்தவர் எனக்கும் சேர்த்துத்தான் கை காட்டினார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது.

மேலாளர் சின்ன வயதுக்காரர், வெளியூர்க்காரர், கோட்டு போட்டிருந்தார். எங்களுக்குக் காப்பி வரவழைத்தார். குழுச் சீட்டு வாங்குகிறவர்கள் குடிமக்களாகவும் சேவகர்களாகவும் நடிக்கலாம், பல்லக்குக்குத் தனிச் சீட்டு என்று விளக்கினார். எல்லாம் அந்தக் காலத்தில் இருந்தபடியே உண்மையாகச் செய்திருப்பதாகப் பெருமையாகச் சொன்னார்.

டிரைவர் தம்பி குறுக்கே பேசினார். "அந்தக் காலத்துல எங்க வீட்டுப் பொம்பளையள மேல் சீலை போட விடல்ல, சார். போட்டவளுக்க சீலைய வலிச்சுக் கிழிச்சானுவ. அதும் உண்மைதான். அதையும் ஒருநாள் காட்டுவியளோ?"

மேலாளரின் முகம் சிவந்தது. ஆனால் அவர் வியாபாரி. இது வெறும் விளையாட்டு, யாரும் குறை சொன்னதில்லை, போன வாரம் வந்த கல்லூரிப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, ஒரு சலுகை சொன்னார். குழுவைக் கூட்டி வருகிறவருக்கும் அவர் மனைவிக்கும் பல்லக்கு இலவசம். உங்கள் ஆட்களே உங்களைத் தூக்கி வருவார்கள், அவர்களுக்கும் அது ஒரு வேடிக்கை என்றார்.

அந்த இடத்தில் என் மனைவி என் கண்முன் வந்தாள். பட்டுச்சேலையோடு பல்லக்கில் இருந்தாள். இந்தப் பிறவியில் அவளை அப்படி உட்கார வைக்க எனக்கு வேறு வழி வரப்போவதில்லை. தூக்குகிறவர்களையும் பார்த்தேன். எதிர்வீட்டுக்காரியின் புருஷன், பக்கத்து வீட்டு அண்ணன். எதிர்வீட்டுக்காரி அந்தத் தோல் நிறச் சட்டையில், கெட்ட முதுகோடு, விசிறி வீசிக்கொண்டு பின்னால் வந்தாள்.

என் வாழ்க்கையில் கோட்டு போட்ட ஒருவரிடம் நான் எதிர்த்துப் பேசியது அன்றைக்குத்தான். "சார், தலையில கெட்டிக்கிட்டுதான் நாங்க சாமிய கும்பிடுகோம். சாமிக்கு அவுக்காதத ஒங்க ராஜாவுக்கு அவுக்க முடியாது. எங்க ஆளுவ தோள்ல ஏறி எனக்க பெண்டாட்டிக்கு ஒரு சவாரியும் வேண்டாம்" என்றேன். காப்பியைக் குடிக்காமல் எழுந்தேன்.

வேன் பக்கத்தில் அந்த ஒலிபெருக்கிப் பையன் வந்தான். வேடம் கலைத்திருந்தான். "அண்ணாச்சி, ஒண்ணும் நெனைக்காதிங்க. எழுதித் தந்தத சொல்லுதேன். வேற வேல கெடைக்கல்ல" என்றான். ஊர் எது என்று கேட்டேன். கருங்கல் பக்கம் என்றான். "எனக்க அப்பாவும் தாங்கலுக்குப் போறவருதான். அவரு ஒருநாளும் இஞ்ச வந்துரப்பிடாதுன்னு தெனமும் வேண்டுகேன்" என்றான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. இப்படி ஒரு பையனை இப்படி ஒரு சொல்லைச் சொல்லவைத்துச் சம்பளம் கொடுக்கிறவர்கள் மேல்தான் கோபம் வந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், இலவசப் பல்லக்கையும் சேர்த்து. அவள் முதலில் கேட்டது, "நீங்களா பேசினிய? கோட்டு போட்ட ஆளுகிட்டயா?" என்றுதான். நம்பாமல் டிரைவர் தம்பிக்கும் கூப்பிட்டுக் கேட்டாள். பிறகு அடுக்களைக்குள் போய்ச் சோற்றை வடித்தாள். வந்தபோது, "அன்னைக்குச் சேத்துல நடந்து வந்தவதான நான். இனியும் நடந்துக்கிடுகேன்" என்றாள். அதைச் சண்டைக்குச் சொல்கிற குரலில் சொல்லவில்லை.

அடுத்த குழுக் கூட்டத்தில் எல்லோரும் அப்படி நினைக்கவில்லை. "வெளையாட்டுக்குப் போய் இவ்வளவு பேச்சா? சினிமாவுல பிச்சக்காரனா நடிச்சா பிச்சக்காரன் ஆயிருவானா?" என்று ஓர் இளம்பெண் கேட்டாள். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. எதிர்வீட்டுக்காரிதான் பதில் சொன்னாள். "நடிக்கதுக்கு அவன் சம்பளம் வாங்குவான் மக்கா. நாம ரூவா குடுத்துல்லா குனியணும். ஆலையில குனியதுக்காவது கூலி உண்டு."

அந்த வருடம் குழு வேறு இடத்துக்குப் போனது. ஆனால் அடுத்த மாதமே எங்கள் தெருவிலிருந்து நாலைந்து குடும்பங்கள் தனியாக வேன் பிடித்து அந்த அரண்மனைக்குப் போய் வந்தன. படங்களைக் காட்டினார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்த, ஞாயிற்றுக்கிழமை தாங்கலில் எனக்குப் பக்கத்தில் தலைப்பாகை கட்டி நிற்கிற ஒருவர், துண்டை இடுப்பில் கட்டி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். அந்த இடம் இன்றைக்கும் நன்றாக நடக்கிறது என்று கேள்வி.

மேலாளர் மேலும் படத்தில் குனிந்து நின்ற அந்த நண்பர் மேலும் இருந்த கோபம் நாளாக ஆகக் குறைந்துவிட்டது. குறையாதது ஒன்றுதான். துண்டை அவிழ்த்துக் குனியும்படி என்னை யாரும் பழக்கியதில்லை. என் அப்பாவையும் பழக்கியதில்லை. ஆனாலும் ஒரு பையன் ஒலிபெருக்கியில் சொன்ன உடனே என் கை தானாக முடிச்சுக்குப் போனது. அதனால்தான் இப்போதெல்லாம் தாங்கல் வாசலில் நின்று தலைப்பாகை கட்டும்போது, இன்னும் பயம் தெளியாத அந்தக் கைக்குச் சொல்லிக் கொடுப்பது போல, ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றி இறுக்குகிறேன்.