ஏலக்காய் மணக்கிற கடல்

பீர்மேட்டுக்கும் வண்டிப்பெரியாருக்கும் நடுவே ஒரு வளைவில் கடல் இருக்கிறது. சிரிக்க வேண்டாம். அங்கே இருக்கும் ரிசார்ட்டின் வரவேற்பறையில், சோபாக்களுக்கு எதிரே, கண்ணாடித் தொட்டிக்குள் இருக்கிறது. பவளம் உண்டு, அலையடிக்க மோட்டார் உண்டு, ஆரஞ்சு நிற மீன்கள் உண்டு. கொச்சியில் கடற்கரையை ஒட்டிக் குடியிருப்பவர்கள் மலை பார்க்க வந்து, மலைக்கு முதுகைக் காட்டி நின்று, இந்தக் கடலோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

இந்தக் கடலுக்குப் பொறுப்பாளர் சுருளிவேல். அசல் கடலை அவர் பார்த்தது ஒரே ஒரு தடவை, திருச்செந்தூரில், மொட்டைத் தலையோடு. தொழிலால் அவர் தேயிலை சலிப்பவர். எஸ்டேட் ஃபாக்டரியின் சலிப்பு அறையிலேயே தலை நரைத்தது. தூளைச் சிட்டிகை எடுத்து வெள்ளைக் காகிதத்தில் தட்டி, லேசாக ஊதி, இன்ன ரகம் என்று சொல்லிவிடுவார். ஃபாக்டரியைப் பூட்டிய பிறகு அவரை யாரும் எதையும் ஊதச் சொல்லவில்லை. தோட்ட வேலை கேட்டு ரிசார்ட்டுக்குப் போனார். மேனேஜர் டிஜோ, “மீன் நோக்கத் தெரியுமோ?” என்று கேட்டார். வேலை இல்லாதவனுக்குத் தெரியாதது எது? “தெரியும் சார்” என்றார்.

வேலையோடு ஒரு குவார்ட்டர்ஸ் அறையும் கிடைத்தது. அதன் கூரை ஒழுகாது. எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் மழைக்காலம் முழுக்கப் பாயை மூலைக்கு மூலை இழுத்துத் திரிந்த அவர் மனைவி மாரித்தாய்க்கு, தொட்டிக்குள் கடல் இருப்பதெல்லாம் அதிசயமில்லை. இந்தக் கூரைதான் அதிசயம். வேலை போனால் கூரையும் போகும். சுருளிவேல் இதை ஒரு நிமிடம்கூட மறந்ததில்லை. நீங்களும் மறக்க வேண்டாம்.

ஆனி மாதத்தில் டிஜோவுக்கு ஒரு குறை தோன்றியது. தொட்டியின் அடியில் கிடக்கும் மணல் பழுப்பேறிவிட்டது, படத்தில் அழுக்காகத் தெரிகிறது. பாலக்காட்டில் மீன் சாமான் கடை வைத்திருக்கும் நியாஸ், புது மணலில் மூன்று மாதிரிகள் அனுப்பினார். ஒன்று கப்பி, ஒன்று ரவை, ஒன்று மாவு.

“சுருளியண்ணா, ஏது நல்லது? நீங்க சொன்னா மதி, அது போதும்” என்றார் டிஜோ.

ஃபாக்டரி பூட்டிய பிறகு முதல் தடவையாக ஒருவர் அவரிடம் அபிப்பிராயம் கேட்கிறார். சுருளிவேல் வெள்ளைக் காகிதம் விரித்தார். தட்டினார். ஊதினார்.

“கப்பி வேணாம் சார், சந்துல குப்பை அடையும். ரவை சுமார். இந்தா, இந்த மாவுதான் நம்ம டீத்தூள்ல டஸ்ட். டஸ்ட்டுக்குத்தான் எப்பவும் கிராக்கி.”

போனில் நியாஸ் தயங்கினார். “ஏனுங்க, அந்த மாவு அலைக்குக் கெளம்பிருமுங்க. ரவையே எடுத்துக்கங்க.”

“எங்க ஆளு எக்ஸ்பர்ட்டாணு” என்று டிஜோ வைத்துவிட்டார். மூட்டையை அனுப்பும்போது, இது உயிருள்ள மணல், பிரித்து அப்படியே கொட்ட வேண்டும், கழுவக்கூட வேண்டாம் என்றும் நியாஸ் சொல்லியிருந்தார். அதைக் கேட்டுக்கொண்டதும் டிஜோதான். கேட்டதோடு சரி.

மூட்டையைப் பிரித்த சுருளிவேலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொதசொதவென்று ஈரம், கவிச்சி வாடை. சலிப்பு அறையில் ஈரம் மன்னிக்க முடியாத குற்றம். ஒருமுறை ஈரத்தோடு போன தூள் பூசணம் பிடித்துத் திரும்பி வந்தபோது, எல்லோர் முன்னாலும் அவரை நிற்க வைத்துக் கேட்டார்கள். அது இன்னும் காதில் இருக்கிறது. வெயிலில் காயப்போடலாம் என்றால் மலையில் ஆனி மாதத்து வெயிலுக்கு எங்கே போவது? மூட்டையை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு சக்குபள்ளத்துக்குப் போனார். மாரித்தாயின் தம்பி பாண்டித்துரை அங்கே ஏலக்காய் ஸ்டோரில் அடுப்பு பார்க்கிறான். பச்சைக்காயைத் தட்டுகளில் பரப்பிச் சூட்டில் உலர்த்தும் கட்டடம் அது.

“என்ன மச்சான், கடல் மண்ணைக் காய வைக்க மலையேறி வந்திருக்கீரு?”

“ஈரம் மாப்ள. இப்படியே போட்டா பூசணம் புடிக்கும்.”

“தண்ணிக்குள்ளதான போடப் போறீரு?”

சுருளிவேல் கொஞ்சம் யோசித்தார். “அது வேற ஈரம்” என்றார்.

ஏலக்காய்க்குப் பக்கத்துத் தட்டுகளில் மணல் வெந்தது. கலகலவென்று உலர்ந்ததை ஒரு சலிப்பும் சலித்து, பழைய மணலை முழுக்க அள்ளிவிட்டு, தொட்டியில் கொட்டினார். மோட்டாரைப் போட்டதும் தொட்டிக்குள்ளும் மலை மூடுபனி இறங்கிவிட்டது. அறை முழுக்க ஏலக்காய் மணம். சோபாவில் இருந்தவர்கள் மூக்கை இழுத்து இழுத்துச் சிரித்தார்கள்.

பனி அடங்கியபோது பவளங்களின் மேல் வெள்ளைப் படலம் படிந்திருந்தது. விரிந்து ஆடிக்கொண்டிருந்தவை சுருங்கிக் கிடந்தன. அடுத்தடுத்த நாட்களில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. சுருளிவேல் அதைத் துண்டில் சுருட்டி எடுத்துப்போய்த் தேயிலைச் செடியடியில் புதைத்தார். தொட்டியின் எதிரே வெறுமனே நின்றார். எந்தக் காகிதத்தில் தட்டி, எதை ஊதிப் பார்ப்பது?

“ஏங்க, மீனுக்காகவா சோறு எறங்கல?” என்றாள் மாரித்தாய்.

“மீனுக்காகத்தான்.”

“மேல பாத்துக்கிட்டே சொல்றீங்க?”

மேலே கூரை இருந்தது.

கெட்டுப்போன மணலைத் தலையில் கட்டிவிட்டதாக டிஜோ போனில் கத்த, நியாஸ் வேனை எடுத்துக்கொண்டு பாலக்காட்டிலிருந்து வந்துவிட்டார். தொட்டிக்குள் கைவிட்டு ஒரு பிடி மணலை எடுத்தார். மோந்து பார்த்தார். பிறகு சுருளிவேலைப் பார்த்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“அண்ணா, எந்த ஸ்டோருங்க?”

சுருளிவேல் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“இந்த மண்ணுல கண்ணுக்குத் தெரியாத உசுருங்க இருந்துச்சுங்ண்ணா. மீனு கழியறதையெல்லாம் அதுங்கதான் தின்னு தண்ணியச் சுத்தமா வெச்சிருக்கும். வறுத்துப்போட்டீங்களே.”

அதற்குள் டிஜோ வந்துவிட்டார். “நியாஸே, இனி உன் கடையில ஒண்ணும் வாங்க மாட்டோம். இங்க உள்ள எல்லா ரிசார்ட்டுக்கும் சொல்லிடுவேன்.”

நியாஸ் சுருளிவேலைப் பார்த்தார். காட்டிக் கொடுக்கவில்லை. வாய் திறவாமல் இருந்தால் போதும், கூரை தப்பித்துவிடும். வேன்காரர் போய்விடுவார், பாலக்காடு எங்கேயோ இருக்கிறது. சுருளிவேல் வாய் திறவாமல்தான் இருந்தார், நியாஸ் ஈரக் கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பும் வரை.

“சார், மண்ணு நல்ல மண்ணு. நான்தான் ஏலக்கா ஸ்டோர்ல போட்டு வாட்டிட்டேன்.”

“ஏலக்காயோ?”

டிஜோ போனை எடுத்தார். காவலாளியைக் கூப்பிடுகிறார் என்று சுருளிவேல் நினைத்தார். டிஜோ திரையைத் தள்ளித் தள்ளி, தங்கிப் போனவர்கள் எழுதியதைப் படித்தார். “இங்க நோக்கு. ‘மலையின் மணம் வீசும் கடல்.’ அஞ்சு ஸ்டார். இன்னொண்ணு, ‘குழந்தைகள் வாசனையை மறக்கவே இல்லை.’ நான் ரூம் ஸ்ப்ரேன்னு நினைச்சேன். பவளமும் இப்ப நல்ல வெள்ளையாயிட்டுண்டு.”

“அது செத்துப்போச்சுங்க” என்றார் நியாஸ்.

“செத்தா என்ன? இடத்தைவிட்டுப் போகாதல்லோ. சுருளியண்ணா, மாசாமாசம் இதுபோல வாட்டிப் போடணும். மீன் போனா வேற மீன் வரும். கெஸ்ட்டு காப்பிக்கு எறங்கறதுக்கு முன்ன செத்ததை எடுத்துடணும், அவ்வளவுதான்.”

நியாஸ் வேன் சாவியை எடுத்தார். அவருக்கும் கடை இருக்கிறது. “அப்ப உயிர் மண்ணு எதுக்குங்க? செத்த மண்ணே குடுத்தர்றேன்” என்று சொல்லிவிட்டு, சுருளிவேலின் முகத்தைப் பார்க்காமல் வேனில் ஏறினார்.

தொட்டியின் மூலையில், மோட்டார்க் குழாய்க்குப் பின்னால், கடைசி ஆரஞ்சு மீன் ஒதுங்கி நின்றுகொண்டிருந்தது.

குவார்ட்டர்ஸ் வாசலில் மாரித்தாய் காத்திருந்தாள். “வேலை போயிருச்சா?”

“இல்ல.”

“அப்ப ஏன் இப்படி மூஞ்சியத் தொங்கப்போட்டு வர்றீங்க?” அவள் அவர் கையைப் பிடித்து மோந்தாள். “நல்லாத்தான இருக்கு, பாயச வாசம்.”

சுருளிவேல் பின்பக்கம் போய் சோப்புப் போட்டுக் கை கழுவினார். வெளியே மழை கொட்டியது. உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. கையை மோந்து பார்த்துவிட்டு, மறுபடியும் சோப்பை எடுத்தார்.