டாக்டரம்மா ஏன் சாப்பிடவில்லை

லிஃப்ட் மெக்கானிக்குக்கு அப்போது நாற்பத்தாறு வயது. வேலையில் கெட்டிக்காரர். இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று பேசியே அவர்களை அமைதியாக்கிவிடுவார். டிவியில் பதினெட்டு வருடமாக ஓடும் ஒரு விண்வெளித் தொடரைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் மட்டும் அந்த நிதானம் காற்றில் பறந்துவிடும்.

தொடரில் ஒரு கப்பல் வீடு திரும்ப வழி தெரியாமல் அலைகிறது. வழி தெரியாதது கேப்டனுக்கா, கதை எழுதுகிறவர்களுக்கா என்று கேட்டுவிடக் கூடாது. கேட்டால் மெக்கானிக் ஒரு வாரம் முகம்கொடுத்துப் பேச மாட்டார்.

ஞாயிறு மதியம் மருந்துக்கடையின் பின்னறையில், இருமல் மருந்துப் பெட்டிகள்மேல் உட்கார்ந்து ரசிகர்கள் ஆறு பேர் அலசுவார்கள். ஆளுக்கொரு கொள்கை. மெக்கானிக்கின் கொள்கை, கப்பலின் டாக்டரம்மா மனுஷியே அல்ல, இயந்திரம் என்பது. ஆதாரம்? முந்நூற்றுப் பன்னிரண்டு எபிசோடுகளில் அந்த அம்மா ஒரு வாய்கூடச் சாப்பிட்டதில்லை. மற்றவர்கள் வெளுத்துக்கட்டும்போது தட்டைக் கிளறிக்கொண்டே இருப்பார். எல்லாவற்றையும் மறுபடி பார்த்து, நிமிடம் நொடியோடு குறித்து வைத்திருந்தார் மெக்கானிக். குழுவில் இருந்த கணக்கு டீச்சரே அதைச் சரிபார்த்து டிக் அடித்துக் கொடுத்தார்.

மெக்கானிக்கின் மனைவி பல் கிளினிக்கில் உதவியாளர். தொடரை ஒருநாளும் உட்கார்ந்து பார்த்தவர் அல்ல. ஒரு சனிக்கிழமை காலை, துணி மடித்துக்கொண்டே டிவியை எட்டிப் பார்த்தார்.

"இந்தம்மாவுக்குப் பல்செட்டு."

"என்னது?"

"மேல் செட்டு. சரியா உட்காரல. பாருங்க, பேசி முடிச்சதும் நாக்கால ஒரு அமுக்கு அமுக்குறாங்க. சாப்பிட்டா கழண்டு தட்டுல விழும். அதான் கிளறிட்டே இருக்காங்க."

மறுநாள் குழுவில் இதை வேடிக்கையாகத்தான் சொன்னார் மெக்கானிக். யாரும் சிரிக்கவில்லை. ஆறு பேரும் ஒரு செல்போனுக்குள் தலையை விட்டார்கள்.

"அண்ணே, அமுக்குறாங்க!" என்று கத்தினார் பஸ் டிரைவர்.

"அடுத்த வாரம் அவங்கள கூட்டிட்டு வாங்க" என்றார் டீச்சர்.

வந்தார். வந்த அன்றே, ஏழாவது சீசனிலிருந்து கேப்டனின் முன்பல் வேறு என்று கண்டுபிடித்தார். அப்படியானால் இவர் பழைய கேப்டன்தானா? பின்னறை ரெண்டுபட்டது. இரண்டு மாதம் கழித்து டாக்டரம்மாவாக நடிக்கும் நடிகையே ஒரு பேட்டியில் பல்செட்டை ஒப்புக்கொண்டு சிரித்ததும், மனைவியைக் கையில் பிடிக்க முடியவில்லை.

மெக்கானிக் உம்மென்று இருந்தார். சமையலறையில் ஒருநாள் வெடித்தார்.

"பதினெட்டு வருஷம் பார்த்தது நான்!"

"நீங்க கதையப் பார்த்தீங்க. நான் வாயைப் பார்த்தேன்."

அவர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார். மனைவிக்கு மனசு கேட்கவில்லை.

"அட, உட்காருங்க. நடிகைக்குப் பல்செட்டு, சரி. அந்த டாக்டருக்கு? மெஷின்னா அதுக்கு மட்டும் பல்லு தானா முளைக்குமா? செஞ்சுதானே வைக்கணும்?"

மெக்கானிக் மெல்ல உட்கார்ந்தார். சட்டைப்பையில் பேனாவைத் தேடினார்.

"இன்னொரு தடவை சொல்லு."

இப்போது பின்னறையில் பதினான்கு பேர். கிளினிக்கின் பல் டாக்டரும் வருகிறார். கேப்டனின் முன்பல்லைப் பற்றி அவருக்கும் ஒரு கருத்து உண்டு. உதவியாளர் இன்னும் அதைச் சொல்லவிடவில்லை.